கரண்ட்டுக்கும் செல்போனுக்கும் ஒரு வக்கீல்

திருக்கோவிலூர்ல வக்கீல்னா சனங்களுக்கு ரெண்டு வகைதான் தெரியும். ஒண்ணு சிவில்: வரப்புத் தகராறு, பாகப்பிரிவினை, கிரயப் பத்திரம். இன்னொண்ணு கிரிமினல்: அடிதடி, ஜாமீன். கொஞ்சம் விவரமானவங்க மோட்டார் விபத்து கேஸையும் சேர்த்துக்குவாங்க. ஆனா காலையில எழுந்து மோட்டார் போடுறதுல இருந்து ராத்திரி சீரியல் பாத்துட்டுப் படுக்குற வரைக்கும் நாம மல்லுக்கட்டுற கரண்ட்டு, செல்போன், கேபிள், தண்ணி, இதுக்கெல்லாம் தனியா சட்டம் இருக்கு, தனியா கோர்ட் இருக்கு. அதுக்குன்னே தொழில் பண்ற வக்கீல்களும் இருக்காங்க, டெல்லியிலயும் சென்னையிலயும். நம்ம கோர்ட் பக்கம் தொங்குற போர்டுகள்ல அப்படி ஒண்ணை நான் இதுவரைக்கும் பாத்ததில்லை.

இதை இப்போ ஏன் எழுதறேன்னா, எங்க சித்தப்பா பொண்ணு சட்டப் படிப்பு முடிச்சிருக்கு. தொலைத்தொடர்பு, ஊடகம், மின்சாரம், இந்தச் சட்டங்கள்லதான் இறங்கப் போறேன்னு ஒத்தக் கால்ல நிக்குது. சித்தப்பாவுக்கு ஒரே கவலை. "போனுக்கு ரீசார்ஜ் பண்றதுக்கு எதுக்கும்மா வக்கீலு?"ன்னு கேக்குறாரு. கேள்வி நியாயமாத்தான் தெரியும். ஆனா எனக்கு அந்தப் பொண்ணு சொல்றதுதான் சரின்னு படுது. ஏன்னு சொல்றேன்.

முதல்ல ரீசார்ஜையே எடுத்துக்குவோம். பத்து வருஷத்துக்கு முன்னாடி என் போன்ல நான் கேக்காமலே ஒரு பாட்டு வச்சு, மாசா மாசம் முப்பது ரூபா புடுங்கினாங்க (கம்பெனி பேரு வேணாம், விடுங்க). இந்த மாதிரி சேவைக்கு வாடிக்கையாளர்கிட்ட ரெண்டு தடவை சம்மதம் கேக்கணும்னு டிராய் 2013-லயே சொல்லியாச்சு. எனக்கு அது தெரியாது. கடையில உக்காந்திருந்த தம்பிக்கும் தெரியாது. முப்பது ரூபாய்க்கு எவன் கோர்ட்டுக்குப் போவான்னு அவங்களுக்கு மட்டும் நல்லாத் தெரியும்.

சரி, கோர்ட்டுக்குப் போயிருந்தா என்ன ஆகியிருக்கும்? அதுதான் பெரிய கூத்து. 2009-ல சுப்ரீம் கோர்ட் ஒரு டெலிபோன் கேஸ்ல, 1885-ஆம் வருஷத்துத் தந்திச் சட்டத்துல மத்தியஸ்தத்துக்குன்னு தனி வழி இருக்கு, அதனால நுகர்வோர் மன்றம் இந்தப் புகாரை விசாரிக்க முடியாதுன்னு சொல்லிட்டாங்க. தந்தி அடிக்கிற காலத்துச் சட்டம்! அதைக் கையில வச்சுக்கிட்டு, செல்போன் கம்பெனிகளும் "உங்களுக்கு அதிகாரமே இல்லை"ன்னு நுகர்வோர் மன்றங்கள்ல வாதாடிட்டு இருந்தாங்க. 2022 பிப்ரவரியிலதான் அதே சுப்ரீம் கோர்ட், இல்லை, நுகர்வோர் மன்றத்துக்குத் தாராளமாப் போகலாம்னு தெளிவாத் தீர்ப்பு சொன்னது. நடுவுல 13 வருஷம். அகமதாபாத்துல 2014-ல புகார் குடுத்த ஒரு தனி மனுஷர், விடாம நின்னதால வந்த தீர்ப்பு அது. இந்த விவரம் தெரிஞ்ச ஒரு வக்கீல் ஊருக்கு ஊரு இருந்திருந்தா 13 வருஷம் ஆகியிருக்குமான்னு எனக்குச் சந்தேகம்தான்.

அடுத்து கரண்ட்டு. மழைக்காலத்துல வயக்காட்டுல கம்பி அறுந்து விழுந்து ஆடு மாடு போறது, மனுஷன் போறது நமக்குப் புதுசு இல்லை. செத்தவர் குடும்பத்துக்கு ஏதோ கருணைத் தொகை கிடைச்சாப் போதும்னு நாம நினைக்கிறோம். கருணையே தேவையில்லைங்க, அது உரிமை. மத்தியப் பிரதேசத்துல 1997-ல ஒருத்தர் ராத்திரி வேலை முடிச்சு வீட்டுக்கு வர்றப்ப, மழைத்தண்ணி தேங்கின ரோட்டுல கிடந்த மின்கம்பி பட்டு இறந்துட்டார். வேற எவனோ திருட்டுத்தனமா இழுத்த கம்பி, எங்க தப்பு இல்லைன்னு வாரியம் சொன்னது. 2002-ல சுப்ரீம் கோர்ட் அதை ஏத்துக்கலை. இவ்வளவு ஆபத்தான சரக்கைக் கையாளுறவங்க, கவனக்குறைவு இருந்துச்சா இல்லையாங்கிற பேச்சுக்கே இடமில்லாம நஷ்டஈடு குடுக்கணும்னு சொல்லிடுச்சு. யார் தப்புன்னு நிரூபிக்க வேண்டிய பாரம் அந்தக் குடும்பத்துக்கு இல்லை. இந்த ஒரு வரி தெரியாமலே எத்தனை குடும்பம் குடுத்ததை வாங்கிட்டுக் கையெழுத்துப் போட்டிருக்கும்?

பில்லும் அப்படித்தான். 2003 மின்சாரச் சட்டத்துல 56-ஆம் பிரிவுன்னு ஒண்ணு இருக்கு. பாக்கிக்காகக் கனெக்‌ஷனை வெட்டணும்னா 15 நாள் முன்னாடி எழுத்துல நோட்டீஸ் குடுக்கணும். பழைய பாக்கின்னு ரெண்டு வருஷம் கழிச்சு வந்து நின்னா, அது தொடர்ந்து பில்லுல காட்டப்பட்டு வந்ததா இருக்கணும். கணக்குல தப்பைப் பின்னாடி கண்டுபிடிச்சா பணத்தைக் கேக்கலாம், ஆனா அந்தக் காலம் தாண்டினதுக்கப்புறம் ஃபியூஸைப் புடுங்கி மிரட்ட முடியாதுன்னு 2020-ல சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கு. புகாருக்குன்னே குறைதீர்க்கும் மன்றம், அதுக்கு மேல மின் குறைதீர்ப்பாளர்னு ரெண்டு படி இருக்கு. நாம என்ன பண்றோம்? இபி ஆபீஸ் வாசல்ல கை கட்டி நிக்கிறோம். இல்லைன்னா கவுன்சிலரைத் தேடிப் போறோம்.

மூணாவது, பத்திரிகையும் சினிமாவும். இதுல நம்ம தமிழ்நாட்டுக்குப் பெரிய வரலாறே இருக்கு மக்களே. சுதந்திர இந்தியாவுல பேச்சுரிமைக்கு வந்த முதல் பெரிய தீர்ப்பே, சென்னை மாகாண அரசு 'கிராஸ் ரோட்ஸ்' பத்திரிகையை உள்ளே விடாம தடுத்ததுக்கு எதிரா 1950 மே மாசம் வந்ததுதான். 'ஒரே ஒரு கிராமத்திலே' படத்துக்குக் குடுத்த சான்றிதழை சென்னை உயர் நீதிமன்றம் ரத்து பண்ணினப்ப, போராட்டம் நடக்கும், கலவரம் வரும்னு மிரட்டினா அதுக்காகக் கருத்துச் சுதந்திரத்தைப் பூட்டி வைக்க முடியாதுன்னு 1989-ல சுப்ரீம் கோர்ட் சொன்னது. 1994-ல நக்கீரன் வழக்கு. ஆட்டோ சங்கர் எழுதின சுயசரிதையை வெளியிடாம முன்கூட்டியே தடுக்க அரசாங்கத்துக்கு அதிகாரம் இல்லைன்னு தீர்ப்பு வந்துச்சு. அதே தீர்ப்பு, தனி மனுஷனோட அந்தரங்கமும் உரிமைதான்னு சொல்லி வச்சது. 2017-ல ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கம் அடிப்படை உரிமைன்னு சொன்னப்ப இதையும் எடுத்துப் பேசினாங்க. நம்ம ஊர் சண்டையில இருந்து நாட்டுக்கே சட்டம் பொறந்திருக்கு. இன்னைக்கு யூடியூப்ல ஊர்ச் செய்தி போடுற பசங்க நோட்டீஸ் வந்தா நடுங்குறாங்க. அவங்களுக்கு இதெல்லாம் யார் சொல்லிக் குடுக்குறது?

கேபிள் கதையும் இதே வகைதான். சேனலுக்கு எவ்வளவு வாங்கலாம்னு டிராய் போட்ட 2017 உத்தரவை எதிர்த்து ஸ்டார் இந்தியாவும் விஜய் டிவியும் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனாங்க. ரெண்டு நீதிபதிகள் ஆளுக்கொரு தீர்ப்பு சொல்லி, மூணாவது நீதிபதிகிட்டப் போயி, கடைசியில 2018 அக்டோபர்ல சுப்ரீம் கோர்ட் டிராய் பக்கம் தீர்ப்பு குடுத்துச்சு. நம்ம கேபிள் பில்லு மாறினது அதுக்கப்புறம்தான். அந்த வழக்குல டிராய் பக்கமும் பெரிய வக்கீல், கம்பெனி பக்கமும் பெரிய வக்கீல். பில்லு கட்டுற நம்ம பக்கம்?

இங்கதான் சித்தப்பாவோட நிஜமான கேள்வி வருது. "அதெல்லாம் சரி, சாப்பாட்டுக்கு என்ன பண்றது? முப்பது ரூபா கேஸ் கொண்டு வர்றவன் ஃபீஸ் என்ன குடுப்பான்?" இதை லேசாத் தள்ள முடியாது. இந்தத் துறையில காசு கம்பெனிகள்கிட்டத்தான் இருக்கு. டிடிசாட் டெல்லியில இருக்கு. தனி நுகர்வோர் புகாரை அது எடுத்துக்கவும் செய்யாது. அதனால படிச்ச பிள்ளைங்க கம்பெனி பக்கம் போறதுல ஆச்சரியம் ஒண்ணும் இல்லை, தப்பும் இல்லை.

ஆனா வழி இல்லாம இல்லை. மின்விபத்து நஷ்டஈடு லட்சக்கணக்குல வர்ற விஷயம். ஊருக்கு ஊரு கேபிள் ஆபரேட்டர்கள் இருக்காங்க, பெரிய கம்பெனியோட அவங்களுக்கு ஓயாத தகராறு. ரைஸ் மில், கல் குவாரி, சின்னப் பட்டறை எல்லாருக்கும் டாரிஃப் பிரச்சினை. 2002-ல சட்டத்தைத் திருத்திக் கொண்டு வந்த நிரந்தர மக்கள் நீதிமன்றம் இருக்கு. மின்சாரம், தண்ணி, தபால், போன், ஆஸ்பத்திரி, இன்சூரன்ஸ் எல்லாம் அதுல வரும். கோர்ட் ஃபீஸ் கிடையாது. ஒரு கோடி ரூபா வரைக்கும் விசாரிக்கும். சமரசம் ஆகலைன்னா தானே தீர்ப்பும் சொல்லும். கொரோனாவுக்கு அப்புறம் வீடியோ விசாரணையும் பழகிப் போச்சு. சென்னையில நாலு வருஷம் நல்ல சீனியர்கிட்ட ஜூனியரா இருந்து தொழிலைக் கத்துக்கிட்டு, இங்க ஒரு ஆபீஸ் போட்டா பொழைக்க முடியும்னுதான் நான் நினைக்கிறேன். காரு பங்களா உடனே வராது, அது வேற விஷயம்.

இன்னொண்ணு. மின்கட்டணம் ஏத்துறதுக்கு முன்னாடி பொதுமக்கள் ஆட்சேபணையை ஒழுங்குமுறை ஆணையம் கேட்டே ஆகணும், சட்டம் அப்படி. 2022 ஆகஸ்ட்ல கோவை, மதுரை, சென்னைன்னு மூணு ஊர்ல கருத்துக் கேட்டாங்க. நம்ம ஊர்க்காரன் விழுப்புரம் போயி ரயிலேறி சென்னைக்குப் போயித்தான் பேசியிருக்கணும். போனாலும் அந்தக் கணக்குப் புத்தகத்தைப் படிச்சுக் கேள்வி கேக்கத் தெரியணுமே. அதுக்குத்தான் ஆள் வேணும்.

கடைசியா கல்வராயன் மலை. 2024 ஜூன்ல கருணாபுரம் கள்ளச்சாராயச் சாவுகளுக்கு அப்புறம், மலைவாழ் மக்களோட நிலைமையைப் பத்தி சென்னை உயர் நீதிமன்றம் தானாவே ஒரு வழக்கை எடுத்து, ரோடு எங்கே, வசதி எங்கேன்னு அரசாங்கத்தைக் கேள்வி கேட்டுச்சு. நல்ல விஷயம். ஆனா அதுக்கு அறுபது பேருக்கு மேல சாக வேண்டியிருந்துச்சு. செல்போன் கம்பெனிகளோட வருமானத்துல நூத்துக்கு அஞ்சு ரூபா, வசதி போய்ச் சேராத ஊர்களுக்குன்னே ஒரு நிதிக்குப் போகுது. 4ஜி இல்லாத 24,680 கிராமங்களுக்குத் திட்டம்னு 2022 ஜூலையில மத்திய அமைச்சரவை ஒப்புதல் குடுத்துச்சு. அந்தப் பட்டியல்ல நம்ம மலையில எத்தனை ஊரு, எத்தனை டவர் வந்துச்சு, வராததுக்கு யார் பதில் சொல்லணும்? பிரசவ வலி வந்தவளுக்கு 108-ஐக் கூப்பிட சிக்னல் வேணும்ங்க. இதைத் தகவல் உரிமைச் சட்டத்துல கேட்டு, கேட்டதை வச்சு ஒரு மனு போட, ஒரே ஒரு வக்கீல் போதும்.

சித்தப்பாகிட்ட இதைத்தான் சொல்லியிருக்கேன். அந்தப் பொண்ணு அடுத்த மாசம் சென்னைக்குக் கிளம்புது. உங்க வீட்லயும் சட்டம் படிக்கிற பிள்ளை இருந்தா, இப்படி ஒரு வழி இருக்குன்னு காதுல போட்டு வைங்க.