நெஞ்சுவலியும் நம் நம்பிக்கையும்

வாழைச்சேனையில் ஒருவருக்கு நள்ளிரவில் நெஞ்சு அடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். "வாய்வுதான், இஞ்சி இடித்துக் கொடுங்கள்" என்பார் ஒருவர். தமிழர் இல்லமாயின் திருநீறு வரும். முஸ்லிம் இல்லமாயின் ஓதிய தண்ணீர் வரும். அங்கே தலைவிதி என்பர். இங்கே நஸீபு என்பர். சொல் வேறு, வீணாகும் நேரம் ஒன்றே.

இருதய நோய் எல்லா இனத்தாரையும் ஒருபடித்தாகத் தாக்குவதில்லை. சிங்கப்பூரில் பிரேத பரிசோதனைப் பதிவுகளை ஆராய்ந்து 1959இல் வெளியிட்ட ஆய்வு, இந்நோய் சீனரைவிட இந்தியரிடையே ஏழு மடங்கு எனக் காட்டிற்று. 2007இல் வெளிவந்த மற்றோர் ஆய்வின்படி, தெற்காசியருக்கு முதல் மாரடைப்பு சராசரி 53 வயதில் வருகிறது. ஏனைய நாட்டாருக்கோ 59 வயதளவில். புகைத்தல், நீரிழிவு, இரத்த அழுத்தம், கொழுப்பு ஆகியவை எம்மவரிடம் இளமையிலேயே குடிபுகுவதே இதற்குப் பெருங்காரணம். ஆகவே இது வெறும் விதியன்று; பெரும்பாலும் நம் கையில் உள்ளது.

நம்பிக்கையைப் பழிப்பது எமது நோக்கமன்று. பிரார்த்தனை அச்சத்தைத் தணிக்கும். சுற்றத்தார் துணை தைரியம் தரும். ஆயினும், இரத்தக் குழாய் அடைபட்டபின் இருதயத் தசை நிமிடந்தோறும் மடிகிறது. நெஞ்சில் பாரம், குளிர்ந்த வியர்வை, இடக்கையிலோ தாடையிலோ நோவு, மூச்சுத் திணறல் இவற்றைக் கண்டதும் 1990 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள். பெண்களுக்குக் களைப்பும் குமட்டலுமே முதற்குறியாகலாம், பொறுத்துக்கொள்வது பெருமையன்று.

திருநீற்றை வண்டியிலும் பூசலாம். துஆவை வழியிலும் ஓதலாம். வைத்தியசாலைப் பயணம் மட்டும் தாமதியாதிருக்கட்டும்.