பரிசா, அரியர்ஸா?

2024 டிசம்பர் 12-ம் தேதி சாயந்திரம் எங்கள் ஆபீஸில் யாரும் வேலை செய்யவில்லை. (மற்ற நாட்களில் மட்டும்..? என்று கேட்காதீர்கள். மானேஜரும் இந்தப் பத்திரிகை படிக்கிறார்.) சிங்கப்பூரில் செஸ் உலக சாம்பியன்ஷிப், 14-வது ஆட்டம். ஒரு கம்ப்யூட்டரைச் சுற்றிப் பதினோரு பேர். அதில் ஒன்பது பேருக்குக் குதிரை எப்படிப் போகும் என்றே தெரியாது. 55-வது நகர்த்தலில் டிங் லிரென் யானையைத் தப்பான கட்டத்தில் வைக்க, கொஞ்ச நேரத்தில் எல்லாம் முடிந்தது. 18 வயசுச் சென்னைப் பையன் குகேஷ், உலக சாம்பியன்! ஏதோ நாங்களே ஜெயித்த மாதிரி கேண்டீனில் எல்லோருக்கும் கேசரி.

கேசரி தீர்வதற்குள் பேச்சு பணத்துக்கு வந்துவிட்டது. மொத்தப் பரிசு 25 லட்சம் டாலர். ஜெயிக்கிற ஒவ்வொரு ஆட்டத்துக்கும் 2 லட்சம், மிச்சம் ஆளுக்குப் பாதி. மூணு ஆட்டம் ஜெயித்த குகேஷுக்கு 13.5 லட்சம் டாலர். நம் ரூபாயில் சுமார் 11 கோடியே 45 லட்சம்.

"இதுல வரி எவ்வளவு சார் போகும்?" என்றான், எங்கள் ஆபீஸில் புதுசாய்ச் சேர்ந்த பையன்.

அக்கவுண்ட்ஸ் பெரியவர் கால்குலேட்டரைத் தொடாமலே சொன்னார். "முப்பது பர்சென்ட் வரி. ரெண்டு கோடிக்கு மேல போனா அதுமேல இருபத்தஞ்சு பர்சென்ட் சர்சார்ஜ். அதுக்கும் மேல செஸ் நாலு பர்சென்ட்."

"செஸ் ஆடினதுக்கே செஸ்ஸா?"

எல்லோரும் சிரித்தோம். கணக்குப் போட்டதும் சிரிப்பு நின்றுவிட்டது. செலவுக் கழிவு எதுவும் இல்லை என்று வைத்துக்கொண்டால் சுமார் 4 கோடியே 43 லட்சம்! (நிஜத்தில் எவ்வளவு கட்டினார் என்பது அவருக்கும் அவர் ஆடிட்டருக்கும்தான் தெரியும்.) 'உண்மையில் ஜெயித்தது நிதியமைச்சர்தான்' என்று ராத்திரிக்குள் வாட்ஸ்அப்பில் ஜோக்குகள் வந்து குவிந்தன.

கேண்டீன் இரண்டு கட்சியாய்ப் பிரிந்தது. "நாட்டுக்குப் பெருமை தேடிக் கொடுத்தவன்கிட்ட வரியா? அநியாயம்!" என்பது ஒரு கட்சி. "நான் மாசாமாசம் கட்டறேனே, எனக்கு யாராவது கை தட்டினாங்களா?" என்பது இன்னொன்று. நான் முதல் கட்சியில் இருந்தேன். கேசரி என் செலவு என்பதால் குரலும் கொஞ்சம் உயர்ந்தே இருந்தது.

வீட்டுக்குப் போய்ச் சட்டத்தைப் புரட்டியபோதுதான் வினை பிடித்தது. அப்போது அமலில் இருந்தது 1961-ம் வருஷத்து வருமான வரிச் சட்டம். அதில் 10(17ஏ) என்று ஒரு பிரிவு. மத்திய, மாநில அரசுகள் பொதுநலனுக்காகக் கொடுக்கும் விருது, மத்திய அரசு ஒப்புதல் தந்த மற்ற விருது, இவற்றுக்கு வரி கிடையாது. ஒலிம்பிக், ஏஷியன் கேம்ஸ், காமன்வெல்த் மெடல்காரர்களுக்கு அரசாங்கங்கள் தரும் பரிசுப் பணமும் இதில் அடங்கும் என்று 2014-ல் தெளிவாகவே சொல்லிவிட்டார்கள். ஆனால் போட்டி நடத்துகிறவர் கொடுக்கும் பரிசுக்கு, ஒப்புதல் இருந்தாலொழிய, இந்தச் சலுகை இல்லை. அதாவது வியர்வை ஒன்றுதான். செக்கில் கையெழுத்து யாருடையது என்பதுதான் கேள்வி!

இன்னொரு வேடிக்கை. 1986 ஜனவரியில் 447 என்ற நம்பரில் ஒரு சுற்றறிக்கை. தொழில்முறை ஆட்டக்காரர் இல்லையென்றால் அவருக்குக் கிடைக்கும் விருதுப் பணம் அன்பளிப்பு மாதிரி, வரி வேண்டாம். தொழில்முறை ஆட்டக்காரர் என்றால் அது தொழில் வருமானம், கட்டு. ராத்திரி பகலாய் உழைக்கிறவனுக்கு வரி, பொழுதுபோக்காய் ஆடி ஜெயிக்கிறவனுக்கு விலக்கு.

இதற்கே தலை சுற்றினால் 115பிபி பிரிவைப் படியுங்கள். லாட்டரி, குதிரைப் பந்தயம், சீட்டாட்டம் இதையெல்லாம் வரிசையாய் அடுக்கி, நடுவில் குறுக்கெழுத்துப் போட்டியையும் உட்கார வைத்திருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பென்சிலைக் கடித்துக்கொண்டு கட்டம் நிரப்பும் என் மாமனார், சட்டத்தின் பார்வையில் ரேஸ்கோர்ஸ் ஆசாமி!

சரி, எல்லாப் பரிசுக்கும் ஒட்டுமொத்தமாய் வரியை எடுத்துவிட்டால் என்ன? அங்கேதான் நான் கட்சி மாறினேன். 11 கோடி ஜெயித்தவருக்கு அதில் நாலு கோடிக்கு மேல் மிச்சம். மாவட்டப் போட்டியில் 5,000 ரூபாய் ஜெயித்த பையனுக்கு மிச்சம் பூஜ்யம், ஏனென்றால் அவன் வரி கட்டும் அளவுக்குச் சம்பாதிக்கவே இல்லை. விலக்கு யாருக்கு அதிகம் தேவையில்லையோ அவருக்குத்தான் அதிகம் போகிறது. அமெரிக்காக்காரர்கள் இதை யோசித்திருக்கிறார்கள். 2016-ல் அங்கே ஒலிம்பிக் மெடலுக்கும் அதற்கான பரிசுக்கும் வரியை எடுத்தபோது, வருஷ வருமானம் 10 லட்சம் டாலரைத் தாண்டினால் சலுகை கிடையாது என்று ஒரு கொக்கியும் போட்டார்கள்.

அப்படியானால் குகேஷ்களுக்கு அநியாயமே நடக்கவில்லையா? நடக்கிறது. அது வேறு இடத்தில் இருக்கிறது. நம்ம மாதிரி ஆபீஸ் ஆட்களுக்கு அது சட்டென்று புரியும்.

நமக்கு எப்போதாவது அரியர்ஸ் வரும். மூணு வருஷத்துச் சம்பள உயர்வு மொத்தமாய் ஒரே மாசத்தில் வந்து விழும். சந்தோஷத்தில் மிதக்கிறபோது அக்கவுண்ட்ஸ் பெரியவர் கூப்பிடுவார். "தம்பி, ரிலீஃப் கேட்டியா? அதுக்கான ஃபாரம் போட்டியா?" விஷயம் இதுதான். பணம் இந்த வருஷம் கையில் வந்தாலும், அது எந்தெந்த வருஷத்துக்கு உரியதோ அந்தந்த வருஷத்தில் பிரித்துக் கணக்குப் பார்த்து, கூடுதலாய் விழும் வரியைக் குறைத்துக் கொள்ளலாம்.

விளையாட்டுப் பரிசு என்பது என்ன சார்? அரியர்ஸ்தானே! குகேஷ் செஸ் கற்றுக்கொண்டது 2013-ல், ஏழு வயசில். காது மூக்கு தொண்டை டாக்டரான அப்பா, தொழிலை நிறுத்திவிட்டுப் பையனோடு ஊர் ஊராய்ப் போனார். வீடு அம்மாவின் சம்பளத்தில் ஓடியது. திண்டாடிய நாட்களில் பெற்றோரின் நண்பர்கள் கைகொடுத்தார்கள். பதினோரு வருஷ உழைப்பு. பெரிய செக் வந்தது ஒரு சாயந்திரத்தில்.

குகேஷை விடுங்கள், அவர் சமாளித்துக் கொள்வார். சின்ன ஆட்டக்காரர் ஒருவரைப் பாருங்கள். மூணு வருஷம் சல்லிக்காசு இல்லை. நாலாவது வருஷம் 24 லட்சம் பரிசு. 2024-25 புது வரித் திட்டப்படி அவர் கட்ட வேண்டியது 4,26,400 ரூபாய். அதே விகிதத்தில், வருஷத்துக்கு 6 லட்சம் வீதம் நாலு வருஷம் சம்பாதித்தவருக்கு? ஒரு பைசா கிடையாது! இருவரும் சம்பாதித்தது அதே 24 லட்சம்தான். ஒருவருக்கு அது சொட்டுச் சொட்டாய் வந்தது, இன்னொருவருக்கு ஒரே கொட்டாய்க் கொட்டியது. அந்த நாலே கால் லட்சம், மழை பெய்த விதத்துக்குப் போட்ட அபராதம்.

பரிசை நாலைந்து வருஷத்துக்குப் பிரித்துக் கணக்குப் பார்க்க விட்டால் போதும். நடக்காத காரியமா? ஆஸ்திரேலியாவில் எழுத்தாளர், நடிகர், கண்டுபிடிப்பாளர் வரிசையில் விளையாட்டு வீரரையும் சேர்த்து, திடீரென்று வருமானம் எகிறும் வருஷத்துக்கு முந்தைய வருஷங்களின் சராசரியைப் பார்த்து வரி போடுகிறார்கள். ஆஸ்திரேலியா வரை போவானேன்? நம்முடைய 1961 சட்டத்திலேயே 180-ம் பிரிவு இருந்தது. ஒரு வருஷத்துக்கு மேல் உழைத்துப் புத்தகம் எழுதியவர், மொத்தமாய் வாங்கும் பணத்தைச் சில வருஷங்களுக்குப் பிரித்துக் காட்டலாம். (எழுத்தாளனுக்கு மொத்தமாய்ப் பணம் கொடுத்த பதிப்பாளரை நான் பார்த்ததில்லை. சட்டம் நம்பிக்கையோடு இருந்திருக்கிறது!) பேனா பிடித்தவனுக்குத் தந்ததை, காய் நகர்த்துகிறவனுக்கும் ஈட்டி எறிகிறவனுக்கும் தரக்கூடாதா?

மறுநாள் கேண்டீனில் இதையெல்லாம் ஒரு பிரசங்கமாகவே செய்தேன். இரண்டு கட்சியும் ஒப்புக்கொண்டது. பெரியவர்கூட, "அரியர்ஸ்... கரெக்ட்தான்யா" என்று தலையாட்டினார். புதுப் பையன் மட்டும் டீயை ஆற்றிக்கொண்டே சும்மா இருந்தான்.

"என்னப்பா, உனக்குச் சரியாப் படலையா?"

"சரிதான் சார். நான் காலேஜ்ல 400 மீட்டர் ஓடினவன். ஸ்டேட் மீட் வரைக்கும் போனேன். ஸ்பைக்ஸ் ஷூ வாங்க அப்பா வட்டிக்குப் பணம் எடுத்தார். ஃபைனல்ல ஆறாவது வந்தேன். அத்தோட நிறுத்திட்டு பரீட்சை எழுதி இங்க வந்துட்டேன்." டீயைக் குடித்து முடித்தான். "வரி போடற அளவுக்கு எனக்கும் ஒரு வருஷம் வந்திருந்தா, முழுசாவே கட்டியிருப்பேன் சார்."

எந்தப் பிரிவிலும் இதற்கு ரிலீஃப் இல்லை. அன்றைய டீக்காசை நான் கொடுத்தேன்.