இளவரசியின் கேள்வி

மனம் வேறு, உடல் வேறு என்று மேடையேறி முழங்குகிறவர்களை நான் கேட்கிறேன்: உருவமில்லாத மனம் கையை எப்படி ஐயா தூக்குகிறது?

இது என் கேள்வியல்ல. 1643-இல், நாடிழந்து ஹாலந்தில் இருந்த பொஹீமிய இளவரசி எலிசபெத், தத்துவஞானி டெகார்ட்டைக் கேட்டது. அவர் சுற்றி வளைத்தார். அவள் விடவில்லை. ஆன்மாவும் ஜடமே என்று ஒப்புவதுகூட எனக்குச் சுலபம் என்று எழுதினாள். அவரோ, இத்தகைய விசாரத்துக்கு வருஷத்தில் சில மணி நேரம் போதும் என்று புத்தி சொன்னார்! (தம் வழக்கமும் அதுதானாம்.)

ஜடத்துக்கு வலி எப்படி வந்தது என்று நீங்கள் திருப்பிக் கேட்கலாம். நியாயமான கேள்வி, இன்னும் விடையில்லை. ஆனால், பட்டினி கிடப்பவனிடம் போய் 'மனத்தை அடக்கு' என்கிறீர்களே, அடக்க வேண்டிய அந்த மனமும் அவனோடு சேர்ந்துதானே பட்டினி கிடக்கிறது?