எழுத்தைக் கடன் வாங்கினால் கேவலமா?



"உங்க படுக மொழிக்கு எழுத்தே இல்லையாமே?" குந்தாப் பக்கத்திலிருந்து வெளியூருக்குப் படிக்கப் போகிறவர்கள் அடிக்கடி சந்திக்கும் கேள்வி இது. தனி எழுத்து இல்லைதான். அதற்காகத் தலைகுனிய வேண்டுமா என்ன?

கொஞ்சம் இத்தாலிக்குப் போய் வருவோம். ஃபினீசியரிடம் கிரேக்கர் வாங்கிய எழுத்தை, இத்தாலியில் குடியேறிய கிரேக்கரிடமிருந்து எட்ருஸ்கர் வாங்கினார்கள். அவர்களிடமிருந்து ரோமானியர் வாங்கினார்கள். எட்ருஸ்க மொழியில் 'கல்', 'கங்கை' இரண்டின் முதல் ஒலிக்கும் வேறுபாடு கிடையாது. அதனால் ரோமானியரும் 'சி' என்ற ஒரே எழுத்தை இரண்டுக்கும் வைத்துச் சமாளித்தார்கள். கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அதில் ஒரு சின்னக் கோடு போட்டார்கள், 'ஜி' பிறந்தது. அவ்வளவுதான்!

நம் தமிழும் அப்படித்தான். கி.மு. 2ஆம் நூற்றாண்டு வாக்கிலான மாங்குளம் கல்வெட்டுகளில் இருப்பது பிராமி எழுத்து. தேவையில்லாத எழுத்துகளை விட்டுவிட்டு ழ, ள, ற, ன ஆகியவற்றைச் சேர்த்துக்கொண்டார்கள். இன்று யாராவது இதைக் கடன் எழுத்து என்கிறார்களா?

சரி, நம்ம ஊருக்கு வருவோம். பாசல் மிஷன் 1890இல் படுக மொழியில் அச்சிட்ட புத்தகம் கன்னட எழுத்தில் இருந்தது. இன்று குந்தாவில் பள்ளிக்கூடம் போகும் குழந்தைக்குத் தெரிந்தது தமிழ் எழுத்து. அதில் சிக்கல் இருக்கிறது. 'படுகர்' என்று எழுதினால் வெளியூர்க்காரர் 'பழம்' போல வாசிக்கிறார். நாங்கள் சொல்வதோ 'பஸ்' போல. பெயரின் முதல் எழுத்திலேயே தடுமாற்றம்! நாக்கை மடித்துச் சொல்லும் உயிரொலிகளையும் எமனோ 1939இலேயே பதிவு செய்திருக்கிறார்.

சிலர் புத்தம்புது எழுத்துகளையே உருவாக்கியிருக்கிறார்கள். அந்த உழைப்பை மதிக்கிறேன். ஆனாலும் தமிழ் எழுத்தின் கீழே ஒரு புள்ளியோ கோடோ போட்டால் போதும் என்பது என் கருத்து. குழந்தை ஒரே நாளில் கற்றுக்கொள்ளும்.

ஏன் இந்த அவசரம்? ஆஸ்கன் மொழிக்காரர்களும் எட்ருஸ்க எழுத்தை வாங்கி, இரண்டு புது உயிரெழுத்துகள் சேர்த்து அழகாக எழுதினார்கள். கி.பி. 79இல் புதையுண்ட பொம்பெய் நகரச் சுவர்களில் இன்றும் அதைப் பார்க்கலாம். பேசத்தான் ஆள் இல்லை. எழுத்து மட்டும் மொழியைக் காப்பாற்றாது. 2011 கணக்கெடுப்பின்படி படுக மொழி பேசுவோர் சுமார் 1.33 லட்சம் பேர். பாட்டிகள் சொல்லும் கதைகளை, எந்த எழுத்திலாவது, இப்போதே எழுதி வைப்போம். கோடு, புள்ளி சண்டையைப் பிறகு போட்டுக்கொள்ளலாம்!