முதலில் அறை, பிறகு ஸ்பீக்கர்

பெற்றரிக்குத் தடை இருந்த யுத்த காலத்தில் சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டவர்கள் வன்னி மக்கள். 2014 மார்ச்சில் ரயில் மீண்டும் பளைக்கு வந்தது. இன்று அப்பக்கம் வீடு கட்டுவோரில், பாட்டுக் கேட்பதற்கென்றே தனி அறை ஒதுக்கி, இலட்சக்கணக்கில் ஸ்பீக்கர் தேடுவோரும் உண்டு.

இவர்களுக்கு விற்கும் வியாபார நண்பர்களே, விலையைச் சொல்லுமுன் அறையின் அளவைக் கேளுங்கள். சீமெந்துச் சுவரும் டைல்ஸ் தரையும் ஓசையைத் திருப்பி அடிக்கும். தடித்த கம்பளமும் திரைச்சீலையும் அதை அடக்கும். மூலையில் தள்ளிவைத்தால் அடித்தொனி மிஞ்சிவிடும். 87 டெசிபல் உணர்திறன் உள்ள ஸ்பீக்கரை 90 டெசிபல் உள்ளதன் சத்தத்துக்குக் கொண்டுவர அம்ப்ளிஃபயரின் வலு இருமடங்கு வேண்டும். அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். அவருக்குப் பழக்கமான பாட்டையே போட்டுக் காட்டுங்கள்.

சின்ன அறைக்குப் பெரிய ஸ்பீக்கரைத் தலையில் கட்டினால் இலாபம் ஒருமுறைதான். வீட்டில் பாட்டு இரைந்ததும் அவர் உங்கள் கடையை மறந்துவிடுவார். "உங்கள் அறைக்குச் சிறியதே போதும், மிச்சக் காசில் கம்பளம் வாங்குங்கள்" என்று சொல்லிப் பாருங்கள். அன்றைக்கு இலாபம் குறையும், உண்மைதான். ஆனால் காசின் அருமை தெரிந்த அந்த மக்கள், அடுத்தவரையும் உங்கள் கடைக்கே அழைத்துவருவார்கள்.