கற்பாசியைச் சுரண்டலாமா?

செட்டிநாட்டுச் சமையலுக்கு மணமூட்டும் கற்பாசியை அறியாத இல்லத்தார் அரியர். பெயரில் பாசி என்றிருப்பினும், ஒரு பூஞ்சாணமும் ஒரு பாசியும் கூடி ஓருடலாய் வாழும் வாழ்வே இது. சுவிட்சர்லாந்து தேசத்துத் தாவர சாஸ்திரி சைமன் சுவெண்டனர் இவ்வுண்மையை 1867-ஆம் ஆண்டில் எடுத்துரைத்தார். பூஞ்சாணம் உறைவிடம் தருகிறது. பாசி சூரிய ஒளியைக் கொண்டு உணவு சமைக்கிறது. பார்மோட்ரீமா பெர்லேட்டம் என்னும் இனமும் அதன் உறவினங்களும் இமயமலையிலும் தென்னாட்டு உயர்மலைகளிலும் மரப்பட்டைமீதும் பாறைமீதும் படர்கின்றன.

மலைத்தோட்டக்காரர் சிலர், மரம் நலிந்தால் கற்பாசியே அதன் சாற்றை உறிஞ்சிவிட்டதென்று கருதிக் கத்தியால் சுரண்டுகின்றனர். இது பொருந்தாது. மரத்தின் சாற்றை உறிஞ்சும் வேர் கற்பாசிக்கு இல்லை. மழையும், மூடுபனியும், காற்றில் வரும் தூசியுமே அதற்கு நீரும் சத்தும் அளிக்கின்றன. நலிந்த மரம் இலையுதிர்க்கவே கிளைகளில் வெளிச்சம் விழுகிறது. அவ்வெளிச்சத்தில் கற்பாசி செழிக்கிறது. ஆதலின் நலிவுக்குக் காரணத்தை வேரிலும், தண்டிலும், மண்ணிலும் தேடுதல் வேண்டும். சுரண்டுவதால் பட்டை காயமுற்று நோய்க்கு வழி திறப்பதே மிச்சம்.

நிற்க, விற்பனைக்காகச் சேகரிப்போர் செய்கையும் கவனிக்கத்தக்கது. இவ்வினங்கள் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் அளவே விரிவன. உள்ளங்கையளவு படரப் பத்தாண்டும் அதற்கு மேலும் செல்லக்கூடும். ஒரு நாளில் வழித்தெடுத்த கிளை, ஒருவர் மகன் தலையெடுக்கும் வரையில் வெறுமையாய் நிற்கலாம்.

இத்தொழிலால் பிழைக்கும் எளிய குடும்பங்கள் உண்டே எனின், உண்மைதான். அவர்கள் பிழைப்பு நிலைக்க வேண்டுமென்பதற்காகவே கட்டுப்பாட்டை வற்புறுத்துகின்றோம். பெருங்காற்றிலும் மழையிலும் ஒடிந்து வீழும் கிளைகளில் உள்ளதை எடுக்கட்டும். நிற்கும் மரத்தில் எடுக்க நேர்ந்தால் பெரும்பகுதியை விட்டுவைக்கட்டும். கற்பாசிக்காகக் கிளையை வெட்டுதல் கூடவே கூடாது.

2002-ஆம் ஆண்டின் உயிரியல் பன்மைச் சட்டம் உள்ளாட்சி தோறும் உயிரியல் பன்மை மேலாண்மைக் குழு அமையுமாறு விதித்துள்ளது. மலைக் கிராம அலுவலர்கள் இக்குழுவைக் கூட்டுவித்து, கற்பாசி எங்கெங்கு உளதென்று பதிவேட்டில் ஏற்றி, ஒரு பகுதியில் எடுத்தபின் பல்லாண்டு ஓய்வு கொடுக்கும் முறையைச் சேகரிப்போருடன் கலந்து வகுப்பாராக. நிலமுடையோர் தத்தம் தோட்டத்தில் சுரண்டும் கத்தியைக் கீழே வைப்பாராக. முதலைக் கரைக்காமல் வட்டியை உண்பதே குடியானவர்க்கு அழகு.