காலையில் காஞ்சி, மாலையில் மல்லை

ஊர் சுற்றிப் பார்ப்பதற்கு நான் விரோதி என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். ஊர் சுற்றாதவன் கதை எழுதிப் பிழைக்க முடியாது. என் விரோதமெல்லாம் ஒரே ஒரு திட்டத்தோடுதான். சென்னையில் கோழி கூவுவதற்குள் புறப்பட்டு, காலையில் காஞ்சிபுரத்தையும் மாலையில் மாமல்லபுரத்தையும் 'முடித்துக்கொண்டு', இரவுச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடுகிற அந்த ஒரு நாள் திட்டம் இருக்கிறதே, அதைத்தான் சொல்கிறேன். கணக்கை முடிக்கலாம், வழக்கை முடிக்கலாம். ஊரை எப்படி ஐயா முடிப்பது?

சென்னையிலிருந்து காஞ்சிக்குச் சுமார் 75 கிலோமீட்டர். காஞ்சியிலிருந்து செங்கற்பட்டு, திருக்கழுக்குன்றம் வழியாக மல்லைக்கு 65. மல்லையிலிருந்து சென்னைக்கு இன்னும் ஒரு 60. ஆக, 200 கிலோமீட்டர் முக்கோணம். வரைபடத்தில் பார்த்தால் அழகாகத்தான் இருக்கிறது. வரைபடத்தில் வெயில் கிடையாது, நெரிசல் கிடையாது, கோயில் நடை சாத்துகிற நேரமும் கிடையாது. 2019-இல் அரசாங்கமே மல்லையைக் காஞ்சிபுரம் மாவட்டத்திலிருந்து பிரித்துச் செங்கற்பட்டு மாவட்டத்தில் சேர்த்துவிட்டது. திட்டம் போடுகிறவர்கள் மட்டும் இரண்டையும் பிரிக்க மாட்டோம் என்று ஒற்றைக் காலில் நிற்கிறார்கள்.

சென்ற பங்குனியில் என் அக்காள் மகன் கைபேசியில் ஒரு பட்டியல் அனுப்பினான். சென்னையில் கம்ப்யூட்டர் உத்தியோகம், நல்ல பையன், தாயாரை வைத்துக் காப்பாற்றுகிறவன். காலை 7.30 காமாட்சி அம்மன். 8.15 ஏகாம்பரநாதர். 9.00 கைலாசநாதர், 15 நிமிஷம். 9.40 உலகளந்த பெருமாள். 10.15 வரதர். 11.15 பட்டுக் கடை. 12.30 சாப்பாடு. 1.15 மல்லைக்குப் புறப்பாடு. 3.00 ஐந்து ரதம். வைகுந்தப் பெருமாள் கோயிலை 'நேரம் இருந்தால்' என்று கடைசியில் சேர்த்திருந்தான். அதற்கும் கீழே, "மாமா, ஏகாம்பரநாதர் கோயில் வாசல்ல எட்டேகாலுக்கு நில்லுங்க, ஏத்திக்கறோம். ஏதாவது விட்டுப்போச்சா பாருங்க" என்று ஒரு வரி.

விட்டுப்போனது ஒன்றுமில்லை. காஞ்சிபுரம் என்கிற ஊர் ஒன்றுதான் விட்டுப்போயிருந்தது.

கைலாசநாதருக்கு 15 நிமிஷம் என்கிறானே, அதை எடுத்துக்கொள்வோம். ராஜசிம்ம பல்லவன் 1,300 வருஷங்களுக்கு முன் மணற்கல்லில் எழுப்பிய கோயில் அது. மதிலின் உட்புறம் சுற்றிலும் 58 சிறு சந்நிதிகள். ஒவ்வொன்றிலும் ஒரு சிற்பம். சிலவற்றின் சுவரில், பூச்சு உதிர்ந்த இடங்களுக்கு நடுவே, பல்லவர் காலத்துச் சித்திரங்களின் மிச்சம் ஒரு கண்ணாக, ஒரு விரலாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. 15 நிமிஷத்தை 58-ஆல் வகுத்தேன். சந்நிதிக்குப் பதினைந்து விநாடி வருகிறது. மூலவரையும் விமானத்தையும் பார்க்காமல் விட்டால்தான் அதுவும்.

இதே கோயிலுக்கு எட்டாம் நூற்றாண்டில் ஒரு விருந்தாளி வந்தான். சாளுக்கிய மன்னன் இரண்டாம் விக்கிரமாதித்தன். விருந்துக்கு அல்ல, படையோடு ஊரைப் பிடிக்க வந்தான், பிடித்தும் விட்டான். பரம்பரைப் பகை. கொள்ளையடித்துக்கொண்டு போயிருந்தால் யாரும் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டார்கள். அவனோ இந்தக் கோயிலின் செல்வத்தைப் பார்த்துவிட்டு, அதைக் கோயிலுக்கே திருப்பிக் கொடுத்தான். அந்தச் செய்தியைக் கன்னடத்தில் இங்கேயே கல்லில் வெட்டியும் வைத்தான். அவன் ராணி லோகமகாதேவி பட்டடக்கல்லில் கட்டுவித்த கோயிலில் நம் கைலாசநாதரின் சாயல் தெரிகிறது என்று அறிஞர்கள் சொல்கிறார்கள். படையெடுத்து வந்தவனுக்கு இருந்த நிதானம் வாடகைக் காரில் வருகிறவனுக்கு இல்லை.

'நேரம் இருந்தால்' பார்க்க வேண்டிய வைகுந்தப் பெருமாள் கோயிலின் திருச்சுற்றில் பல்லவர் வம்ச சரித்திரமே வரிசை வரிசையாகச் செதுக்கப்பட்டிருக்கிறது. அரசனில்லாமல் போன நாட்டுக்குப் பன்னிரண்டு வயசுப் பையன் ஒருவனைத் தேடி அழைத்து வந்து முடிசூட்டிய கதை அங்கே இருக்கிறது. அந்தப் பையன்தான் பிற்காலத்தில் அந்தக் கோயிலைக் கட்டிய நந்திவர்மன். அச்சிற்பங்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்து டாக்டர் சி. மீனாட்சி எழுதிய நூல் 1941-இல் வெளிவந்தது. அச்சில் பார்க்க அந்த அம்மாளுக்குக் கொடுத்து வைக்கவில்லை. அதற்கு முந்தைய வருஷமே காலமாகிவிட்டார். இளமையை இந்தச் சுவர்களுக்குக் கொடுத்த ஒருத்தியின் உழைப்பு, நம் பிள்ளைகள் பட்டியலில் 'நேரம் இருந்தால்'!

இனி மத்தியானத்துக்கு வருகிறேன். திட்டக்காரர்களின் ஜன்ம சத்துரு மத்தியானம்தான். பன்னிரண்டு, பன்னிரண்டரைக்குக் கோயில்கள் நடை சாத்திவிடுவார்கள். மறுபடி திறக்க நாலு மணி ஆகும். அந்த நாலு மணி நேரத்தை என்ன செய்வது என்று தெரியாமல்தான் வண்டியை மல்லைக்கு விரட்டுகிறார்கள். இந்தத் திட்டமே நடை சாத்துவதற்குப் பயந்து பிறந்த குழந்தை என்பது என் அபிப்பிராயம்.

என்னைக் கேட்டால், காஞ்சிபுரத்தைப் பார்க்க வேண்டிய நேரமே அதுதான். ஸ்வாமி தூங்குகிற அந்த நேரத்தில் ஊர் தூங்குவதில்லை. கைலாசநாதர் கோயிலிலிருந்து திரும்பும்போது பிள்ளையார்பாளையத்துக்குள் நுழையுங்கள். திண்ணையைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்த்தால் தரையில் ஒரு பள்ளம். அதில் காலைத் தொங்கவிட்டுக்கொண்டு ஒரு மனிதர். எதிரே பட்டுப் பாவு. மிதியை மிதிக்கும் சத்தமும் பலகையடிக்கும் சத்தமும் அடுத்த வீட்டுச் சத்தத்தோடு பேசிக்கொண்டிருக்கும். கோர்வைச் சேலை என்றால் உடலுக்கு ஒரு நாடா, இரு பக்கக் கரைக்கும் இரண்டு நாடா, ஆக மூன்று. ஒவ்வொரு இழையிலும் உடல் நூலும் கரை நூலும் ஒன்றையொன்று கைகோத்துக்கொண்டு திரும்ப வேண்டும். ஒருவர் கையால் ஆகிற வேலை இல்லை. பக்கத்தில் கரை நாடா தள்ள இன்னொருவர் வேண்டும். முன்னாளில் பள்ளிக்கூடம் போக வேண்டிய பிள்ளைகளை அந்த இடத்தில் உட்கார வைத்தார்கள். அந்த வழக்கம் தேய்ந்துவருவதில் எனக்குச் சந்தோஷமே. இப்போது பல வீடுகளில் மனைவி உட்காருகிறாள். ஒரு சேலைக்குப் பத்து நாள், இருபது நாள், வேலைப்பாட்டைப் பொறுத்து அதற்கு மேலும் ஆகும். பட்டு கர்நாடகத்திலிருந்தும் ஜரிகை பெரும்பாலும் சூரத்திலிருந்தும் வருகிறது. காஞ்சிபுரத்தின் சொந்தச் சரக்கு அந்த இரண்டு ஜோடிக் கைகள்தாம்.

இந்தக் கைகளைப் பார்க்காமலே '11.15 பட்டுக் கடை' என்று போகிறவர்களுக்கு என்ன நேரும் என்பதை என் கண்ணாலேயே பார்த்தேன். எந்தக் கடை என்பதை டிரைவர் தீர்மானித்தார். அழைத்து வருகிறவருக்கு இத்தனை என்று கமிஷன் உண்டு, ஊரறிந்த ரகசியம். முக்கால் மணி நேரத்தில் நூறு சேலைகளை விரித்துக் காட்டினார்கள். மருமகப்பெண் அரக்குக் கரை போட்ட மயில்கழுத்துப் பச்சை ஒன்றை, அசல் கைத்தறிக் கோர்வை என்ற சத்தியத்தின் பேரில், அசலுக்குரிய விலை கொடுத்து வாங்கினாள். பிறகு ஒரு நாள் எங்கள் தெருவில் நாற்பது வருஷமாகத் தறியில் உட்காரும் ஒரு பெரியவரிடம் அதைக் காட்டினேன். அவர் விலையைக் கேட்கவில்லை. சேலையைத் திருப்பினார், கரை ஆரம்பிக்கும் இடத்தில் விரலை ஓட்டினார். "கோர்வையே இல்லீங்களே. ஒரே நாடா இந்தக் கோடியிலேருந்து அந்தக் கோடிக்கு ஓடியிருக்கு. மிஷின்" என்று சொல்லி மடித்துக் கொடுத்துவிட்டார். கைத்தறிக்கென்று சில ரகங்களை ஒதுக்கி 1985-இல் பார்லிமெண்டில் சட்டம் செய்தார்கள். காஞ்சிப் பட்டுக்குப் புவிசார் குறியீடும் இருக்கிறது. சட்டம் இருந்து என்ன? வாங்குகிறவனுக்கு ஒரு தரம் தறியைப் பார்க்க நேரமில்லை என்றால், பெரியவரின் இருபது நாளையும் மிஷினின் சில மணி நேரத்தையும் ஒரே தராசில் வைத்துவிடுகிறான். அந்தப் பெரியவருக்கு இரண்டு பிள்ளைகள். இரண்டு பேரும் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் கம்பெனி வேலைக்குப் போகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

மல்லையின் கதி இதைவிடக் கேவலம். பங்குனி வெயிலில் மூன்று மணிக்குப் பாறையின் மேல் செருப்பில்லாமல் கால் வைத்தால் தெரியும். அதற்குள் ஜனங்கள் களைத்துவிடுகிறார்கள். ரதத்தின் நிழலில் உட்கார்ந்து தண்ணீர் குடிக்கிறார்கள். ஐந்தரைக்குக் கடற்கரைக் கோயிலில் கூட்டத்தோடு கூட்டமாகப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். அந்தக் கோயிலைக் கட்டியவனும் கைலாசநாதரைக் கட்டிய அதே ராஜசிம்மன்தான். அதே தூண் சிங்கங்கள். அங்கே மணற்கல், இங்கே கடலுப்பைத் தாங்குகிற கருங்கல். காலையில் பார்த்த சிங்கம் மனசில் இருந்தாலல்லவா மாலையில் பார்க்கிற சிங்கம் பேசும்?

ஒரே அரசன், ஆகவே ஒரே நாள் என்று வாதாடுபவர்கள் உண்டு. நானும் ஒப்புக்கொள்கிறேன்: தலைநகரும் துறைமுகமும் ஒரே உடம்பின் இரண்டு உறுப்புகள். ஏழாம் நூற்றாண்டில் வந்த யுவான் சுவாங்கின் சரித்திரத்தை எழுதிய சீடர், காஞ்சியையே தென் கடலின் துறைமுகம் என்று எழுதிவைத்தார். சிம்மளத்துக்கு அங்கிருந்து மூன்று நாள் கப்பல் பிரயாணமாம். உள்நாட்டு ஊருக்கு அந்தப் பெயர் வருமளவுக்கு அதன் வாசல் கடலில் இருந்தது. ராஜசிம்மன் 720-இல் சீன தேசத்துக்குத் தூது அனுப்பினான். அதற்கும் வெகு முன்னே, பாலாறு கடலில் விழும் இடத்துக்கு அருகே வசவசமுத்திரத்தில், மத்தியதரைக் கடல் நாட்டு மதுச் சாடிகள் வந்து இறங்கியிருக்கின்றன. 1970-இல் தோண்டியபோது உடைந்த துண்டுகள் கிடைத்தன. அந்தப் பாலாறுதான் இன்று எங்கள் ஊருக்குத் தெற்கே பெரும்பாலும் மணலாகக் கிடக்கிறது.

ஆனால் கடலிலிருந்து காஞ்சிக்கு வருவதற்கு நம் முன்னோர் போட்ட திட்டம் எப்படி இருந்தது தெரியுமா? பெரும்பாணாற்றுப்படை 500 அடிகளில் சொல்வது வேறென்ன? பரிசு பெற்ற பாணன் ஒருவன், வறுமையில் வாடும் இன்னொரு பாணனுக்குக் காஞ்சித் தொண்டைமான் இளந்திரையனிடம் போக வழி சொல்கிறான். வழியில் எந்தக் குடிகள் இருக்கிறார்கள், எந்த வீட்டில் என்ன சோறு போடுவார்கள், இடையர் வீட்டுப் பால், அந்தணர் வீட்டு மாவடு, நீர்ப்பெயற்று என்னும் துறைமுகத்தில் வந்து நிற்கிற கப்பல்கள், இரவில் நெருப்பேற்றும் கலங்கரை விளக்கம், பிறகுதான் திருவெஃகா, அப்புறம் கச்சி. வயிறு காய்ந்த பாணன்! அவனை அவசரப்படுத்தியிருந்தால் நியாயம் உண்டு. அவனுக்கே யாரும் மணிக்கணக்குப் போட்டுக் கொடுக்கவில்லை.

"எழுத்தாளருக்கு என்ன, உள்ளூர்க்காரர், எங்களுக்குக் கிடைப்பது ஒரு ஞாயிற்றுக்கிழமை" என்று யாராவது கேட்டால் அது நியாயமான ஆட்சேபம். லீவில்லாதவனையும் காசில்லாதவனையும் நான் பரிகாசம் செய்யவில்லை. ஒரு நாள்தான் இருக்கிறது என்றால் ஓர் ஊர் பாருங்கள். காஞ்சி என்றால் இரண்டு கோயில், மத்தியானம் தறித் தெரு, நாலு மணிக்கு இன்னொரு கோயில். மந்தாரை இலை மணக்கிற குடலை இட்லி கிடைத்தால் சாப்பிடுங்கள். மல்லை என்றால் விடியற்காலையில் கடற்கரைக் கோயில், வெயில் ஏறியதும் உளிச் சத்தம் கேட்கும் சிற்பிகளின் பட்டறை, சாய்ந்ததும் அர்ஜுனன் தபசு. அந்தப் பாறையில் தவம் செய்கிற பூனையைத் தேடுவதற்கே பத்து நிமிஷம் வேண்டும்.

நானும் யோக்கியன் அல்ல. ஒரு தடவை பூம்புகார், தரங்கம்பாடி, நாகப்பட்டினம் என்று மூன்று துறைமுகங்களை ஒரே பகலில் 'முடித்தேன்'. மூன்றும் சேர்ந்து எழுத்துக்கு உதவும் என்று ஆசை. இன்று எனக்கு நினைவிருப்பது தரங்கம்பாடியில் டேனிஷ்காரர்களின் கோட்டைக்கு வெளியே குடித்த தேநீர். கோட்டை 1620-ஐச் சேர்ந்தது என்பதைப் புத்தகம் பார்த்துத்தான் சொல்கிறேன்.

வெனிஸ் நகரத்தில் 2024 ஏப்ரலிலிருந்து, கூட்டம் மிகுந்த குறிப்பிட்ட நாட்களில், பகலில் வந்து பகலிலேயே போகிறவர்களிடம் 5 யூரோ வசூலித்தார்கள். இரவு தங்குகிறவர்களுக்கு அந்தக் கட்டணம் இல்லை. நம் ஊரில் கட்டணம் வேண்டாம், ஏழைக்குத்தான் உறைக்கும். ஆனால் தங்குகிறவனையும் ஓடுகிறவனையும் பிரித்துப் பார்த்த அந்தக் கணக்குப்பிள்ளையின் கையைப் பிடித்துக் குலுக்க ஆசையாக இருக்கிறது.

அக்காவைப் பற்றிச் சொல்லவில்லையே. பட்டியலில் இருந்த இடங்களுக்கெல்லாம் அவளும் வந்தாள். வரதர் கோயிலில் தரிசனம் ஆனதும், "தம்பி, அந்தக் குளத்தண்டை செத்த உட்கார்ந்துட்டுப் போகலாமா?" என்று என்னிடம் மெதுவாகக் கேட்டாள். 2019-இல் அத்திவரதர் குளத்திலிருந்து எழுந்தருளி 48 நாள் சேவை சாதித்தபோது, கூட்டத்துக்குப் பயந்து அவளை யாரும் அழைத்து வரவில்லை. அதற்கு முன்பு 1979; அடுத்தது 2059. ஸ்வாமி சயனித்திருக்கும் இடத்தையாவது பார்த்துக்கொண்டிருக்கலாம் என்று நினைத்திருப்பாள். பையன் கடிகாரத்தைப் பார்த்தான். பட்டுக் கடைக்குப் போய்விட்டோம்.

ஆனி மாதம் ஒரு புதன்கிழமை, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல், பஸ் ஏறி அவளாகவே வந்து இறங்கினாள். பத்தரை மணிக்கு அனந்தசரஸ் குளக்கரையில் உட்கார்ந்தோம். நீராழி மண்டபத்தைப் பார்த்துக்கொண்டு, செத்துப்போன எங்கள் அப்பாவைப் பற்றியும், 1979-இல் அவர் எங்களை விட்டுவிட்டுத் தனியாக வந்து சேவித்துவிட்டுப் போனதைப் பற்றியும் பேசினாள். எனக்குத் தெரியாத விஷயங்கள் நாலைந்து அதில் இருந்தன. நடை சாத்தினார்கள். வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் பெரியவர் வீட்டுத் திண்ணைக்குப் போனோம். அவர் சம்சாரம் கரை நாடாவைத் தள்ளிக்கொண்டே, பாவு புணைவதையும் பேட்னி போடுவதையும் அக்காவுக்கு விளக்கினாள். அக்கா சேலை எதுவும் வாங்கவில்லை. நாலு மணிக்கு எங்கோ மணி அடித்தது. "மல்லைக்கும் போகலாமா?" என்று வேண்டுமென்றே கேட்டேன்.

"தை மாசம் பார்த்துக்கலாம்டா" என்றாள்; தறியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.